போலீஸ் அதிகாரி ராஜினாமா செய்தால் புகார் போய்விடுமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

பெண் காவலருக்கு ஆபாச மெசேஜ் அனுப்பினார், அத்துமீறிப் பேசினார் என்று உயர் அதிகாரி ஒருவர் மீது புகார் வருகிறது. இரண்டு நாளில் பணியிடை நீக்கம் என்று செய்தி வருகிறது. அதன்பின் பேச்சே இல்லை. மீஞ்சூர், வள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அனல்மின் நிலையத்துக்கும் சிப்காட் ஆலைகளுக்கும் ஷிப்ட் போகிற பெண்களுக்கு இது வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல. சூப்பர்வைசர் ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பும் மெசேஜுக்கு எதிராக நாளை அவர்கள் ஏற வேண்டிய படியும் அதே காவல் நிலையப் படிதான். அந்த நிலையில் எழும் சந்தேகங்கள் சில.

ராஜினாமா செய்துவிட்டால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. ராஜினாமா என்பது வேலையை விடுவது. குற்ற வழக்கிலிருந்து விடுபடுவது ஆகாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் அது முன்னாள் அதிகாரி மீதும் நடக்கும். துறை விசாரணை நிலுவையில் இருப்பவரின் ராஜினாமாவை அரசு பொதுவாக ஏற்பதும் இல்லை. ஏற்றுக்கொண்டால் அதுவரை பார்த்த பணிக்காலம் பறிபோகும், ஓய்வூதியமும் அதோடு போகும். அதனால்தான் நம் ஊரில் ராஜினாமாவை அதிகம் பார்க்க முடிவதில்லை. முதலில் காத்திருப்போர் பட்டியல், பிறகு பணியிடை நீக்கம், பிறகு நீண்ட விசாரணை. இதுவே இங்கே வழக்கம்.

பிரிட்டனில் 2017 டிசம்பரில் விதியையே மாற்றினார்கள். கடும் ஒழுங்கீனக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர் ராஜினாமா செய்தாலும் ஓய்வு பெற்றாலும் விசாரணை தொடரும். நிரூபணமானால் மறுபடி எந்தப் போலீஸ் படையிலும் சேர முடியாதபடி தடைப்பட்டியலில் பெயர் ஏறும். 2022-ல் லண்டன் சேரிங் கிராஸ் காவல் நிலையத்துப் போலீசார் பரிமாறிக்கொண்ட பெண் வெறுப்பு, இனவெறி மெசேஜ்களை அங்குள்ள கண்காணிப்பு அமைப்பு வெளியிட்டது. சில நாட்களிலேயே, பிப்ரவரி 10 அன்று, லண்டன் மாநகரப் போலீஸ் தலைவர் கிரெசிடா டிக் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த மெசேஜ்களில் ஒன்றைக்கூட அவர் அனுப்பவில்லை. லண்டன் மேயரின் நம்பிக்கையை இழந்ததே அவர் விலகக் காரணம்.

பணியிடை நீக்கம் என்றால் தண்டனைதானே?

தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. முதலில் ஏறக்குறைய பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகக் கிடைக்கும். 2025 பிப்ரவரியில் சென்னைப் போக்குவரத்துக் காவல் இணை ஆணையர் ஒருவர் பெண் காவலரின் புகாரால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டபோது, “ஆளைத் தூக்கிவிட்டார்கள்” என்று பலர் பேசினார்கள். ஐ.பி.எஸ். அதிகாரியை மாநில அரசு பணியிடை நீக்கம் செய்யலாம். நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் மத்திய அரசிடம்தான் இருக்கிறது.

பெரிய அதிகாரி தண்டிக்கப்பட்டது உண்டா?

உண்டு. 2021 பிப்ரவரி 21. அப்போதைய முதல்வரின் டெல்டா சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணி. சட்டம் ஒழுங்கு சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ், பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரைத் தன் காரில் ஏறச் சொல்லி, பயணத்தில் அத்துமீறினார் என்பது புகார். அடுத்த நாள் அந்த அதிகாரி புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரை மறித்து நிறுத்தியது ரவுடிக் கும்பல் அல்ல, போலீஸ் படை. முன்னால் நின்றவர் அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி. கண்ணன். மாவட்டங்களையே நிர்வகித்த ஒரு ஐ.பி.எஸ். அதிகாரியால், டி.ஜி.பி. அலுவலகத்துக்கு ஒரு காகிதத்தைத் தடையில்லாமல் கொண்டுபோக முடியவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணையைக் கண்காணித்தது. சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவர் மன்றம் ராஜேஷ் தாசுக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. புகாரைத் தடுக்க முயன்ற கண்ணனுக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் அமர்வு நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரைக் கைது செய்ய இடைக்காலத் தடை கொடுத்தது.

மூன்றாண்டுத் தண்டனையைவிட அந்த 500 ரூபாய்தான் எனக்கு உறுத்துகிறது. அத்துமீறல் தனி ஒருவன் செய்யும் குற்றம். வழிமறிப்புக்கு வண்டியும் ஆளும் உத்தரவும் தேவைப்பட்டன. மக்களின் நம்பிக்கை நொறுங்குவது இந்த இரண்டாவது இடத்தில். “பேசி முடிச்சுக்கலாம்மா, உன் பேரும்தான் கெடும்” என்று வருகிற போன் இருக்கிறதே, அதுவும் இந்த வழிமறிப்பின் இன்னொரு வடிவம்தான்.

இது தமிழ்நாட்டின் தனிச்சொத்து என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் போலீஸ் துணை ஆணையர் ஜெவான் மெக்ஸ்கிமிங் 2025 மே மாதம் ராஜினாமா செய்தார். தடை செய்யப்பட்ட ஆபாசப் படங்கள் வைத்திருந்ததை அதே ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே அவர்மீது ஒரு பெண் புகார் சொல்லி வந்திருக்கிறார். தலைமை அதிகாரிகள் அதை முறையாக விசாரிக்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பித் தொல்லை கொடுத்ததாக அந்தப் பெண் மீதே வழக்குப் போட்டார்கள்.

வெறும் மெசேஜ்தானே, தமாஷுக்கு அனுப்பியது என்றால்?

சட்டம் அதைக் கேட்காது. பாலியல் தொனியில் பேசினாலோ எழுதினாலோ பாரதிய நியாய சம்ஹிதா 75-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. பாலியல் இணக்கம் கேட்டாலோ, விருப்பமில்லாத பெண்ணிடம் ஆபாசப் படம் காட்டினாலோ மூன்றாண்டு வரை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் தொடர்புகொண்டால் 78-ஆம் பிரிவு. அனுப்பியவரின் நோக்கத்தைவிட, அது அந்தப் பெண்ணுக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு பணியிட வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மெசேஜை எப்படிப் பாதுகாப்பது?

அருவருப்பில் அழித்துவிடுவதுதான் பலர் செய்வது. அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயர் சேமித்திருந்தால் அந்த எண் தெரியும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். தானாக அழியும் செட்டிங் இருந்தால் அணையுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி வரும் படமாக இருந்தால், எத்தனை மணிக்கு, என்ன படம் என்று உடனே எழுதி வையுங்கள். முக்கியமாக, அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, பிரதியாகத் தரும் மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழும் வைக்க வேண்டும். மூல போன் கையில் இருந்தால் அது சுலபம்.

போலீசைப் பற்றியே புகார் என்றால் போலீசிடமே போக வேண்டுமா?

நியாயமான கேள்வி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும், காவல் துறை அலுவலகம் உட்பட, 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். பெண் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண் உறுப்பினர்கள், வெளியிலிருந்து ஒருவர். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பயிற்சிக்கு வந்தவருக்கும் இந்த உரிமை உண்டு. கம்பெனி பஸ்ஸும் சட்டத்தின் கண்ணில் பணியிடமே.

மீஞ்சூர் ஆவடி மாநகரக் காவலில் வருகிறது, கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டக் காவலில் வருகிறது. “எங்க லிமிட் இல்லம்மா” என்று திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரமில்லை; எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

காவல் துறைப் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறதே?

இருக்கிறது. ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் கொண்டுவந்த சட்டத்தில் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி. வீட்டுக்காரரே பஞ்சாயத்துத் தலைவராக உட்காரும் ஏற்பாடு இது. இதை மாற்றாமல் எத்தனை பேரைப் பணியிடை நீக்கம் செய்தாலும் பயனில்லை.

கடைசியாக ஒன்று. உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். குற்ற வழக்குக்கு இந்தக் கெடு கிடையாது. ஆதாரம் போதாமல் புகார் நிற்காவிட்டாலும், அதை மட்டுமே காரணமாக வைத்துப் பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுக்க முடியாது. எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 181-க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.