வாக்குப்பதிவே நடக்காத வார்டு: ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தலைப் புரிந்துகொள்வோம்

2022 மே 5 அன்று ஸ்காட்லாந்து முழுவதும் 32 உள்ளாட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. ஆனால் நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள பக்கி என்ற மீன்பிடி நகரத்தின் வார்டில் அன்று யாரும் வாக்களிக்கவில்லை. புறக்கணிப்போ கலவரமோ அதற்குக் காரணம் அல்ல. அந்த வார்டுக்கு மூன்று உறுப்பினர்கள் தேவை. போட்டியிட முன்வந்தவர்களும் மூன்றே பேர். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, கன்சர்வேடிவ் கட்சி, லிபரல் டெமாக்ரட் கட்சி ஆகிய மூன்றும் ஆளுக்கு ஒருவரை நிறுத்தின. மூவரும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டார்கள்.

மேலை நாடுகளின் ஜனநாயகம் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுவது நாடாளுமன்றத் தேர்தல்கள் வழியாகத்தான். மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் உள்ளாட்சித் தேர்தல் எப்படி நடக்கிறது, அதில் பக்கி போன்ற ஒரு நிலை எப்படி வருகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உள்ளாட்சி சபையின் கையில் என்ன இருக்கிறது?

பக்கி நகரம் மோரே உள்ளாட்சி சபையின் கீழ் வருகிறது. சபையின் தலைமையிடம் எல்ஜின் நகரம். உறுப்பினர்கள் 26 பேர். பள்ளிக்கூடங்கள், முதியோர் மற்றும் குழந்தைகளுக்கான சமூகப் பராமரிப்பு, உள்ளூர்ச் சாலைகள், குப்பை அகற்றல், நூலகங்கள், கட்டட அனுமதி, கடை உரிமங்கள் ஆகியவை இத்தகைய சபைகளின் பொறுப்பு. மருத்துவமனைகளும் காவல்துறையும் குடிநீரும் அவற்றின் நேரடிப் பொறுப்பில் இல்லை. வீட்டு வரியைச் சபையே வசூலிக்கிறது என்றாலும், வருமானத்தில் பெரும்பகுதி ஸ்காட்லாந்து அரசு தரும் மானியம்தான். மானியம் போதாதபோது எதை வெட்டுவது என்று முடிவு செய்வது சபை உறுப்பினர்கள்.

இந்த முடிவுகள் சாதாரணமானவை அல்ல. 2013இல் மோரே சபை, கலைகளுக்கான நிதி ஒதுக்கீட்டை முற்றிலும் நிறுத்த முடிவெடுத்தது. சிற்றூர்களில் இருந்த பல நூலகங்களை மூடும் திட்டத்தையும் கொண்டுவந்தது. பேருந்து வசதி குறைந்த கடலோரக் கிராமத்தில் நூலகம் மூடப்பட்டால் முதலில் பாதிக்கப்படுவோர் சிறுவர்களும் முதியவர்களும்தான். அந்த முடிவை எடுப்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்புதான் வாக்கு.

ஒரு வார்டுக்கு ஏன் மூன்று பேர்?

2007க்கு முன்பு ஸ்காட்லாந்திலும் ஒரு வார்டுக்கு ஒரே உறுப்பினர்தான். அதிக வாக்கு பெற்றவர் வெற்றியாளர். அந்த முறையின் குறை 2003இல் கிளாஸ்கோ நகரில் வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே லேபர் கட்சி சுமார் 48 சதவீத வாக்குகளைப் பெற்று, 79 இடங்களில் 71ஐப் பிடித்தது. பாதிக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் குரல் மன்றத்தில் ஏறக்குறைய இல்லாமல் போனது.

2004இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2007 தேர்தல் முதல் ஒற்றை மாற்று வாக்கு முறை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் பயன்படும் முறையின் பெயரும் இதுவே. இப்போது பெரும்பாலான வார்டுகளில் மூன்று அல்லது நான்கு உறுப்பினர்கள். முறை மாறியவுடன் அதே கிளாஸ்கோவில் லேபர் கட்சியின் இடங்கள் 45ஆகக் குறைந்தன. மற்ற கட்சிகளுக்கும் மன்றத்தில் இடம் கிடைத்தது.

வாக்கு எப்படி எண்ணப்படுகிறது?

வாக்காளர் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுகிறார். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எண் இடலாம். ஒருவருக்கு மட்டும் இட்டாலும் வாக்கு செல்லும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மூன்று இடங்கள் கொண்ட வார்டில் 4,000 செல்லுபடியான வாக்குகள் பதிவாயின என்று வைத்துக்கொள்வோம். இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதாவது நான்கால் வகுத்து, விடையோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். 1,001 வாக்குகள் பெற்றவர் வெற்றி பெறுவார்.

ஒருவர் 1,250 வாக்குகள் பெற்றால் 249 உபரி. அந்த உபரி வீணாவதில்லை. அவருக்கு விழுந்த 1,250 சீட்டுகளும் அவற்றில் எழுதப்பட்ட அடுத்த விருப்பத்துக்குச் செல்லும். ஆனால் ஒவ்வொரு சீட்டின் மதிப்பும் சுமார் 0.2ஆகக் குறைந்துவிடும். உபரி தீர்ந்த பின்பும் இடம் மீதமிருந்தால், கடைசியில் உள்ளவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். மூன்று இடங்களும் நிரம்பும் வரை இப்படியே தொடரும். கையால் எண்ணினால் நெடுநேரம் ஆகும் என்பதால், சீட்டுகளை இயந்திரத்தில் ஸ்கேன் செய்து கணினி மூலம் எண்ணுகிறார்கள்.

சிறிய கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் இதில் வாய்ப்பு உண்டு. குறையும் உண்டு. சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் அச்சிடப்படுவதால், ஒரே கட்சியின் இரு வேட்பாளர்களில் மேலே இருப்பவருக்கே முதல் விருப்பம் அதிகம் கிடைக்கிறது.

பிறகு பக்கியில் ஏன் அப்படி நடந்தது?

பல உறுப்பினர் வார்டுகள் வந்ததும் போட்டியற்ற இடங்கள் மறைந்தன. 2007இலும் 2012இலும் அப்படி ஓர் இடம்கூட இல்லை. 2017இல் தீவுப் பகுதிகளில் சில வார்டுகளில் அது மீண்டும் தலைகாட்டியது. 2022இல் பக்கி உள்ளிட்ட வேறு சில வார்டுகளுக்கும் பரவியது.

காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. வேட்பாளருக்கு வைப்புத்தொகை கிடையாது. எனவே பணம் தடையல்ல. ஆனால் 2022இல் சாதாரண உறுப்பினருக்கான ஆண்டு ஊதியம் 20,000 பவுண்டுக்கும் குறைவு. குடும்பம் நடத்த வேறு வேலையும் பார்த்துக்கொண்டு, கூட்டங்களுக்கும் மக்களின் முறையீடுகளுக்கும் நேரம் ஒதுக்க எல்லோராலும் முடிவதில்லை. கட்சிகளும் தங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை நிறுத்தத் தயங்குகின்றன, ஏனெனில் வாக்குகள் சிதறக்கூடும். எல்லாக் கட்சிகளும் இப்படிக் கணக்குப் போட்டு, சுயேச்சையாகவும் யாரும் வராவிட்டால், வாக்காளருக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது.

பக்கி மக்கள் நீண்ட காலம் காத்திருக்க நேரவில்லை. மூவரில் ஒருவரின் இடம் சில மாதங்களிலேயே காலியானது. 2022 நவம்பர் 3 அன்று நடந்த இடைத்தேர்தலில், லிபரல் டெமாக்ரட் வசமிருந்த அந்த இடத்தை ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி கைப்பற்றியது. மே மாதத் தேர்தலில் மோரே சபையின் 26 இடங்களில் 11ஐப் பெற்ற கன்சர்வேடிவ் கட்சி, பெரும்பான்மை இல்லாமலே நிர்வாகத்தை நடத்திவந்தது. அப்படிப்பட்ட சபையில் ஒவ்வோர் இடமும் முக்கியம். மே மாதம் மக்களைக் கேட்காமலே நிரம்பிய இடம், நவம்பரில் கேட்டபோது கை மாறியது. இது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

நம் உறவினர்களுக்கு இதில் என்ன?

ஸ்காட்லாந்தில் படிக்கவும் பணிபுரியவும் சென்றுள்ள நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள். சட்டப்படி அங்கே வசிக்கும் இந்நாடுகளின் குடிமக்கள், பிரிட்டிஷ் குடியுரிமை பெறாமலேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். 2020இல் வந்த சட்டம், சட்டபூர்வமாக வசிக்கும் பிற நாட்டவருக்கும் ஸ்காட்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை வழங்கியது. வாக்களிக்கும் வயது 16. இத்தேர்தலில் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை. தபால் மூலமும் வாக்களிக்கலாம். ஆனால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறாது, பதிவு செய்ய வேண்டும்.

2022 தேர்தலில் வாக்களித்தவர்கள் 45 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அடுத்த தேர்தல் 2027 மே 6இல் வருகிறது. அங்கே பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் வீட்டு வாசலில் குப்பை எடுப்பதையும் தீர்மானிக்கும் தேர்தல் இது. உறவினர்களோடு பேசும்போது, பெயரைப் பதிந்துவிட்டீர்களா என்று கேட்டு நினைவூட்டுவோம். பொதுப்பணியில் ஆர்வமும் தகுதியும் உள்ளவர்கள் வேட்பாளராக நிற்பதைப் பற்றியும் யோசிக்கலாம். பக்கியில் நான்காவதாக ஒருவர் முன்வந்திருந்தால், அந்த ஊர் மக்கள் மே 5 அன்றே வாக்களித்திருப்பார்கள்.