அகத்தியமலையின் ஒற்றை இலை

1987-ஆம் ஆண்டு தாவர ஆய்வாளர்கள் குழு ஒன்று கேரளப் பக்கமிருந்து அகத்தியமலைக் காட்டுக்குள் ஏறியது. வழிகாட்டிகளாக உடன் சென்றவர்கள் காணிப் பழங்குடியினர். ஏற்றம் கூடக்கூட ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. காணிகளோ ஏதோ சிறு பழங்களை மென்றபடி, காலையில் புறப்பட்ட அதே நடையில் போய்க்கொண்டிருந்தார்கள். தங்களுக்கும் சில கேட்டு வாங்கித் தின்ற பின் களைப்பு விலகி உடம்பு தெளிந்தது என்று, குழுவை வழிநடத்திய பி. புஷ்பாங்கதன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். எந்தச் செடி என்று கேட்டதும் காணிகள் காட்டிவிடவில்லை. அது வெளியாருக்குச் சொல்லக் கூடாத சேதி. பலமுறை கேட்ட பிறகு, தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்ற வாக்கின் பேரில்தான் காட்டினார்கள்.

அவர்கள் காட்டிய செடியைப் பார்த்தால் யாருக்கும் வியப்பு வராது. ஓடைக்கரை நிழலில் தரையை ஒட்டி வளரும் சிறு செடி. மெலிந்த தண்டின் நுனியில் இதய வடிவில் ஓர் இலை. இலைக்காம்பு தொடங்கும் இடத்தில், ஊதா கலந்த பழுப்பில் கண்ணில் படாத பூக்கள். ராசவள்ளிக் கிழங்கின் தூரத்து உறவு. தாவரவியலாளர்கள் இதற்கு டிரைக்கோபஸ் சைலானிக்கஸ் என்று பெயரிட்டது 1788-இல். இலங்கையிலும் மலாய் தீபகற்பத்திலும் கூட இந்த இனம் வளர்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அறிவியல் ஏடுகளில் இதன் இலை, பூ, காய் எல்லாவற்றுக்கும் வருணனை இருந்தது. தின்றால் களைப்பு தீரும் என்பது மட்டும் இல்லை. அது காணிகளிடம்தான் இருந்தது. இன்று இதை ஆரோக்கியப்பச்சை என்கிறோம்.

ஆய்வகத்தில் இதன் சாறு கொடுக்கப்பட்ட சுண்டெலிகள், கொடுக்கப்படாதவற்றைவிட அதிக நேரம் சளைக்காமல் நீந்தின. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம், இதன் இலையுடன் அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி மூன்றையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. பிறகு நடந்ததைப் பார்ப்பதற்கு முன், அந்த இலைக்குள் மருந்து எப்படி வந்தது என்று பார்த்துவிட வேண்டும். மூலிகைப் பாதுகாப்பு பற்றிய எல்லாப் பேச்சும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செடியால் ஓட முடியாது. புழு தின்றாலும், பூஞ்சை பிடித்தாலும், வெயில் சுட்டாலும் நின்ற இடத்தில் நின்றே சமாளிக்க வேண்டும். அதற்கு அது கையாளும் வழி வேதியியல். வளர்வதற்கும் உயிர்வாழ்வதற்கும் வேண்டிய சர்க்கரை, புரதம் போன்றவற்றுக்கு அப்பால், பகையை விரட்டவும் இடரைத் தாங்கவும் தனிப்பட்ட வேதிப்பொருள்களைச் சமைக்கிறது. வேம்பின் கசப்பும் மிளகின் காரமும் அப்படி வந்தவையே. பூச்சியின் நரம்பைத் தாக்கவென உருவான ஒரு மூலக்கூறு, மனித உடலுக்குள் சிறு அளவில் போனால் வலியைத் தணிக்கலாம், சளியை இளக்கலாம். அளவு மீறினால் உயிரையும் எடுக்கலாம். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின் மூட்டுவாதத்துக்கு மருந்து. அதே கிழங்கைத் தின்று மாண்டவர்களும் உண்டு.

இந்தச் சமையல் செடிக்குப் பெரும் செலவு. தேவை குறைந்தால் பெரும்பாலும் அதைக் குறைத்துக்கொள்ளும். ஒரே இனச் செடியிலும் வளரும் மண், நிழல், பருவம், வயது ஆகியவற்றுக்கேற்ப மருந்துப் பொருளின் அளவு மாறுவது இதனால்தான். ஆரோக்கியப்பச்சையைக் காட்டுக்கு வெளியே பயிரிட்டுப் பார்த்தபோது செடி வளர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த குணம் இலையில் இல்லை. காட்டு நிழலிலும் அதை ஒட்டிய இடங்களிலும் வளர்ந்தால்தான் பயன் என்பது தெரியவந்தது. என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி இது. ஒரு செடியை விதையாக எடுத்துக் குளிரறையில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். அதன் மருந்தை அப்படிக் காப்பாற்ற முடியாது. அதற்கு ஓடை வேண்டும், மேலே மரங்கள் வேண்டும், தின்ன வரும் பூச்சிகளும் வேண்டும்.

எந்தச் செடியில் எந்தப் பாகத்தை, எந்தப் பருவத்தில், எவ்வளவு எடுப்பது என்ற அறிவு காணிகளில் பிலாத்தி எனப்படுபவரிடம் இருக்கிறது. மூட்டுக்காணி எனப்படுபவர் ஊருக்குத் தலைவர். பிலாத்தி மருத்துவர், பூசாரி இரண்டுமாக இருப்பவர். கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி ஒலித்தபடி, நோய் தீர்க்கச் சாற்றுப்பாட்டு பாடுபவரும் அவர்தான். எழுத்தில் இல்லாத இந்த அறிவு, உடன் நடந்து, பார்த்து, பாடிப் பழகி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சித்த மருத்துவத்திலும் மூலிகையைப் பறிக்குமுன் காப்புக் கட்டி, மந்திரம் சொல்லிச் சாபநிவர்த்தி செய்யும் வழக்கம் உண்டு. மந்திரத்தில் நம்பிக்கை இல்லாதவரும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: செடியின் முன் நின்று அனுமதி கேட்பவர், சாக்கு மூட்டையில் அள்ளிக்கொண்டு போகமாட்டார்.

அள்ளிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதைச் சர்ப்பகந்தி காட்டியது. மனக் கலக்கத்துக்கும் பாம்புக்கடிக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த வேர் அது. இரத்த அழுத்தத்தைக் குறைக்க அது உதவுவதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. உலகமே வேரைக் கேட்டது. வேரை எடுத்தால் செடி இல்லை. காடுகளில் சர்ப்பகந்தி அருகிப்போய், கடைசியில் வேர் ஏற்றுமதிக்கே இந்தியா தடை போட வேண்டி வந்தது. ஆடாதோடைக்கு அந்த ஆபத்து நேரவில்லை. அதன் இலையில் உள்ள வாசிசினை ஒட்டி ஆய்வகத்தில் உருவாக்கிய புரோம்ஹெக்சின் இன்று பல இருமல் மருந்துகளில் இருக்கிறது. வேலியோரத்து ஆடாதோடை வேலியோரத்திலேயே இருக்கிறது.

ஜீவனிக்குத் திரும்புவோம். 1990-களின் நடுவில் கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்கு அதன் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. அந்தப் பணத்தைப் பெறுவதற்காகக் காணிகளின் பெயரில் 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுக்கச் சொல்லி இந்தியாவில் அப்போது சட்டமே கிடையாது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல்தான் வந்தது. அந்த வகையில் இது நேர்மையான முன்னோடி முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் குறைகளும் அதே அளவு உண்மை. சேதியைச் சொன்னவர்கள் சிலரே. அறிவு சமூகம் முழுவதுக்கும் உரியது. தங்களைக் கேட்காமல் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்ததைப் பிலாத்திகள் சிலர் எதிர்த்தார்கள். இலை பறித்து விற்கக் காணிகள் முன்வந்தபோது, செடியே அழியும் என்று வனத்துறை தடுத்தது. அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற பெயரையே தன் வணிகச்சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. மலையின் தமிழகப் பக்கத்தில், பாபநாசத்துக்கு மேலும் பேச்சிப்பாறைப் பகுதியிலும் வாழும் காணிகள் இந்த ஏற்பாட்டுக்குள் வரவே இல்லை. மாநில எல்லை நாம் போட்ட கோடு. அவர்களுடைய அறிவு அந்தக் கோட்டுக்கு முந்தியது.

இப்போது பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும், உள்ளூர் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் குறிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்படுகிறது. நல்ல காரியம். ஆனால் படிவத்தில் செடியின் பெயரும் ‘காய்ச்சலுக்கு’ என்ற ஒரு சொல்லும் மட்டும் ஏறினால் பயனில்லை. இன்னொரு கவலையும் உண்டு. பல்லுயிர்ச் சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்வதிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஓலையும் நூலும் இல்லாமல் நாவிலேயே வாழும் காணிகளின் அறிவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆனால் எழுத்தில் ஏறிய பிறகும் அப்படியே இருக்குமா? எனவே யார் எழுதுகிறார்கள், யார் சம்மதத்தோடு எழுதுகிறார்கள், பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பவை சிறிய கேள்விகள் அல்ல.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர்களை அணுகும் உரிமையையும் மரபறிவின் மீதான சமூக அறிவுசார் உரிமையையும் காட்டில் வாழும் மக்களுக்குத் தருகிறது. அந்த உரிமை ஏட்டில் நிற்காமல், பிலாத்தியும் அவருடைய பேரப்பிள்ளைகளும் காட்டுக்குள் சேர்ந்து நடக்கும் அளவுக்கு வர வேண்டும். நடக்க விடாமல் அந்த அறிவை எந்தப் பதிவேட்டாலும் காக்க முடியாது.

உங்கள் ஊரிலும் பச்சிலை அறிந்த ஒருவர் இருப்பார்: சுளுக்குக்கு எண்ணெய் காய்ச்சும் தாத்தாவோ, குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும் பாட்டியோ. அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். செடி எங்கே நிற்கிறது, எந்த மாதம் பறிப்பது, எந்தப் பாகம், எவ்வளவு, எப்போது கொடுக்கக் கூடாது, யாரிடம் கற்றார்கள் என்பதை எல்லாம் அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே குறித்து வையுங்கள். நீங்களாக எதையும் பறித்துத் தின்று பார்க்காதீர்கள். செடி நிற்கும் இடத்தை மட்டும் இந்த ஆண்டு யாரும் புல்டோசரால் சமன் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.