முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு

சுமத்ராவின் சதுப்பு நிலக் காடுகள் எரியும்போது தென்மேற்குக் காற்று அந்தப் புகையை மலாக்கா நீரிணைக்கு இப்பால், மலேசியாவுக்குத் தள்ளிவிடும். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. கடலோரப் போர்டிக்சனும் புகைமூட்டத்துக்குப் புதிதல்ல. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே லுக்குட், லிங்கி பக்கம் போகும் சாலைகளில் எதிர்வண்டி திடீரென்றுதான் முளைக்கும்.

உடனே கை ‘ஹை பீம்’ தேடும். தேடக் கூடாது. புகைத்துகளும் நீர்த்திவலையும் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன. ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வெள்ளைத் திரையாகிறது. பனிவிளக்கோ தாழ்வாக இருக்கிறது. அதன் ஒளி அகலமானது, மேல்விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும். கண்ணுக்கு நேரே உள்ள புகையில் ஒளி குறைவாகப் படுவதால் சாலையோரக் கோடாவது தெரியும். தூரம் தெரியாது; வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவும் என்பதெல்லாம் பெரும்பாலும் நம்பிக்கைதான். திவலைகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கும்.

பகல்நேர விளக்கின் கதை வேறு. மலேசியாவில் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கெரிப்பது 1992 முதல் கட்டாயம். பிறர் கண்ணில் படுவதற்காக. காரின் பகல் விளக்கும் அதற்கே. ஆனால் பல கார்களில் அது முன்புறம் மட்டுமே எரியும், பின்விளக்கு அணைந்தே இருக்கும். டாஷ்போர்டு ஒளிர்வதால் எல்லாம் எரிவதாக ஓட்டுநர் நினைத்துக்கொள்வார். பின்னால் வரும் லாரிக்கோ கார் இருப்பதே தெரியாது. தானியங்கி ‘ஆட்டோ’ நிலையும் உதவாமல் போகலாம்: அதன் உணரி வெளிச்ச அளவைப் பார்க்கிறது, புகையை அல்ல. சுவிட்சைக் கையால் திருப்பி ‘லோ பீம்’ போட்டால் பின்விளக்கும் சேர்ந்தே எரியும்.