நன்செய் நிலத்தின் மண்நலமும் மாசு இடரும்: பாபநாசம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

நன்செய், புன்செய், படுகை, களர், உவர் என்னும் நிலப்பெயர்கள் ஒவ்வொன்றும் மண்ணைப் பற்றிய மதிப்பீடுகளே. கல்லாதவருக்குத் திருவள்ளுவர் களர்நிலத்தை உவமையாக்கியதும் விளைவின்மை என்னும் அளவுகோலைக் கொண்டே ஆகும். ஆயின், நன்கு விளையும் நிலமும் மாசுற்றிருக்கக்கூடும். குடமுருட்டி பாயும் பாபநாசம் வட்டாரத்தில் ஒரு நிலத்தை வாங்குவோரும் குத்தகைக்கு எடுப்போரும் மண் பரிசோதனை முடிவை மட்டும் நம்புவது போதுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மண்வள அட்டையும் அதன் எல்லையும்

2015 பிப்ரவரி 19 அன்று நடுவண் அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 கூறுகளை அளக்கிறது. அவை கார அமில நிலை, மின்கடத்துதிறன், அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்பன. காட்மியம், ஈயம், ஆர்சனிக், பூச்சிக்கொல்லி எச்சம் ஆகியன இப்பட்டியலில் இல்லை. உரப் பரிந்துரைக்காக உருவான அட்டையிடம் இதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. மேலும், பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அத்திட்டம் வகுத்த கட்டளவு. தஞ்சை வழக்கில் இது ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவு. மூன்று மா, ஐந்து மா எனத் துண்டுபட்டுக் கிடக்கும் நிலங்களில், ஒருவர் கையிலுள்ள அட்டை பக்கத்து வயலின் மண்ணைக் காட்டுவதாகவும் இருக்கலாம்.

மாதிரி எடுக்கும் முறையிலேயே பெரிய சிக்கல் உள்ளது. நெல்வயலில் 15 செ.மீ. ஆழத்திற்கு ஆப்பு வடிவக் குழி வெட்டி, பல இடங்களில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, கால்பங்கீட்டு முறையில் அரைக் கிலோவாகக் குறைப்பது வழக்கம். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், வாய்க்காலை ஒட்டிய பகுதி ஆகியவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. மாசு தேடுவோருக்கோ தவிர்க்கப்பட்ட அவ்விடங்களே முதன்மையானவை. மருந்து கலக்குவது வரப்போரத்தில். வெளிநீர் நுழைவது வாய்மடையில். எண்ணெய் சிந்துவது மோட்டார் கொட்டகையருகே. வளம் அறியக் கலப்பு மாதிரி வேண்டும். மாசு அறிய இடந்தோறும் தனி மாதிரி வேண்டும்.

கொடிக்கால் நிலமும் தாமிரமும்

பாபநாசம் வட்டாரம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்பெற்றது. வெற்றிலையின் வாடல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. தாமிரம் சிதைவுறாத தனிமம். களியோடும் அங்ககப் பொருளோடும் பிணைந்து மேல்மண்ணிலேயே தங்குகிறது. கொடிக்கால் அழிந்து நெல்வயலானாலும் அது நீங்குவதில்லை. அட்டை தாமிரத்தை அளந்தாலும், பற்றாக்குறை உண்டா என்றே பார்க்கிறது. மிகுதியான தாமிரமும் அதில் ‘போதுமானது’ என்றே பதிவாகும். இங்கு ஆய்வகத்தைவிட அடங்கல் பதிவேடு முதலில் உதவுகிறது. வில்லங்கச் சான்று கைமாறிய வரலாற்றைச் சொல்லும்; புல எண் வாரியாகப் பசலிதோறும் எழுதப்படும் அடங்கல், பயிரின் வரலாற்றைச் சொல்லும்.

நீர் நிற்கும் காலம்

நன்செய் மண்ணின் வேதியியல் பருவத்தோடு மாறுகிறது. நீர் தேங்கிய வயலில் உயிர்வளி குறைய, இரும்புச் சேர்மங்கள் கரைந்து, அவற்றோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபடுகிறது. காட்மியமோ கந்தகத்தோடு சேர்ந்து அடங்குகிறது. அறுவடைக்கு முன் நீரை வடிக்கும்போது இது தலைகீழாகிறது. ஆதலால், கோடைத் தரிசில் எடுத்த ஒற்றை மாதிரியைக் கொண்டு பயிரேற்கும் அளவைத் துணிதல் பிழைக்கு இடந்தரும். நெல்மணியையும் சோதிப்பது பொருத்தம்.

கதிராமங்கலம்

தஞ்சை மாவட்டத்தின் கதிராமங்கலத்தில் 2017 சூன் 30 அன்று எண்ணெய் எரிவாயுக் கழகத்தின் குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் விளைநிலத்தில் பரவியது. எண்ணெய் மண்துளைகளை அடைத்து நீரும் காற்றும் புகாமல் தடுக்கிறது. எண்ணெயும் கரிமச் சேர்மமே ஆதலால், வழக்கமான ஈர ஆக்சிசனேற்றச் சோதனையில் அங்ககக் கரிமம் உயர்ந்து தோன்ற இடமுண்டு. கெட்ட மண் வளமான மண்ணாகத் தெரியும். வேளாண் மண்டலப் பாதுகாப்புக்காக 2020இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வைத் தடுக்கிறது. முன்பே நடைபெறும் பணிகளை அது தொடவில்லை. எனவே குழாய்த்தடம் செல்லும் நிலங்களில், உழவு மேல்மண்ணையும் அடிமண்ணையும் கலப்பதற்கு முன்பே, 60 செ.மீ. வரை அடுக்கடுக்காக மண்ணெடுத்து, அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரோடு சேர்த்துப் பெட்ரோலியச் சேர்மங்களுக்கெனத் தனியே சோதித்தல் வேண்டும்.