டீசல் தொட்டியின் அடியில் நிற்கும் தண்ணீர்



அறுவை சிகிச்சை நடக்கும் வேளையில் மின்சாரம் நின்றால், சில விநாடிகளுக்குள் ஜெனரேட்டர் கிளம்ப வேண்டும். குறைமாதக் குழந்தை படுத்திருக்கும் இன்குபேட்டரும் அதை நம்பியே இருக்கிறது. எஞ்சின் நல்லது, பேட்டரியும் சரி, தொட்டியும் நிறைந்திருக்கிறது. ஆயினும் அது சற்று நேரம் ஓடி, திணறி நின்றுவிடக்கூடும். அதற்கு ஒரு பொதுவான காரணம், டீசலில் சேர்ந்த தண்ணீர்.

லாரிக்கும் பொக்லைனுக்கும் இத்தொல்லை உண்டு. ஆனால் அன்றாடம் ஓடும் வண்டியில் டீசல் சீக்கிரம் செலவாகிவிடும். ஜெனரேட்டர் தொட்டியிலோ அது மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. ஆகவே இதற்கே ஆபத்து அதிகம்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில், கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் வாங்கும்போது சுத்தமாயிருக்கும் டீசல், நாம் வைத்திருக்கும் விதத்தில் கெட்டுப்போகலாம். தொட்டி பாதி காலியாயிருந்தால், அதிலுள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிரில் சுவரில் துளித்து வடியும். திறந்த வெளியில் நிறுத்திய 200 லிட்டர் பேரலின் தலைத்தட்டில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் விரிந்த காற்று இரவில் சுருங்கும்போது, மூடியின் மரை வழியே அந்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 830 கிராம். தண்ணீரோ 1000 கிராம். ஆகவே தண்ணீர் அடியில் தங்குகிறது. எஞ்சின் டீசலை உறிஞ்சும் குழாயும் பெரும்பாலும் அடிக்கு அருகிலேயே இருக்கிறது. பம்பிலும் இன்ஜெக்டரிலும் உரசி இயங்கும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அங்கே டீசலே மசகாகவும் உதவுகிறது. தண்ணீர் புகுந்தால் பாகங்கள் தேய்ந்து துருப்பிடிக்கும். சூட்டில் அது நீராவியாகி இன்ஜெக்டரின் நுனியையே உடைக்கலாம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, கருஞ்சளிபோலத் திரண்டு பில்டரை அடைத்துவிடும்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனி அடுக்காகத் தெரியும். டீசல் கலங்கியே இருந்தால், நுண்துளிகள் கலந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது வேகம் ஏறி இறங்குவதும், வெண்புகை வருவதும் எச்சரிக்கைகள்.

அப்படியானால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யக்கூடாது. தொட்டியின் அடித்திருகையும், தண்ணீர் பிரிக்கும் பில்டரின் கீழ்த்திருகையும் திறந்து, சுத்த டீசல் வரும்வரை வடித்துவிட வேண்டும். பின்பு புது பில்டர் மாட்டி, குழாய்களில் புகுந்த ஏரை எடுக்க வேண்டும். தண்ணீர் மிகுதியானால் தொட்டியையே காலிசெய்து கழுவ வேண்டும். சிலர் ஸ்பிரிட் ஊற்றுவதுண்டு. அது தண்ணீரை டீசலோடு கலந்து இன்ஜெக்டர்வரை கொண்டுபோகும், எளிதில் தீப்பற்றவும் செய்யும். வடித்ததைக் கிணற்றருகே ஊற்றலாகாது.

வருமுன் காப்பதோ இன்னும் எளிது. தொட்டியைக் கூடியவரை நிறைத்து வையுங்கள். பேரலைக் கூரையின் கீழ் வையுங்கள். வெளியே வைக்க நேர்ந்தால் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் டீசல் மட்டத்துக்குக் கீழ் இருக்கச் செய்யுங்கள். வாரந்தோறும் சோதனை ஓட்டத்துக்கு முன், காலையிலேயே பில்டரின் கீழ்த்திருகைத் திறந்து பாருங்கள். இரவெல்லாம் அசையாதிருந்ததால் தண்ணீர் அடியில் படிந்திருக்கும். பார்த்ததை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

ஏதேனும் ஒரு மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுக்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதனுடன் இரண்டு பில்டர்களையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தத் திருகை வாரந்தோறும் திறந்து பார்க்கப்போகிறவர் யார் என்றும் அன்போடு கேட்டு வையுங்கள்.