பதினெட்டு வயதில் வாசலில் நிற்கும் பிள்ளைகள்!

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு மலை ரெயில் போகிறது.

கல்லாறு வரை அது சமதரையில் ஓடும். கல்லாற்றைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். சாதாரண ஏற்றம் அல்ல. 12 அடி போனால் 1 அடி உயரம் ஏற வேண்டும்! அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், பல் வைத்த இரும்புப் பட்டை பதித்து இருக்கிறார்கள். என்ஜினில் உள்ள பற்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறும். என்ஜின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். குன்னூர் வரை இப்படித்தான்.

குன்னூருக்கு மேல் பல் பட்டை கிடையாது. அப்படியானால் ஏற்றம் முடிந்துவிட்டதா? இல்லை! வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ரெயில் இன்னும் ஏறிக்கொண்டுதான் போகிறது.

தாய் தந்தையின் துணை இல்லாமல் வளரும் பிள்ளைகளின் வாழ்க்கையும் இந்தப் பாதை போன்றதுதான். 18 வயது வரை அவர்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. சட்டம் பிடித்துக்கொள்கிறது. இல்லம் சோறு போடுகிறது. 18 முடிந்தால் அந்தப் பிடிமானம் முடிகிறது. ஆனால், ஏற்றம் முடிவது இல்லை.

அப்போது அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்று தள்ளுவது யார்?

பிறந்த நாள் பயம்

பெற்றோர் உள்ள வீட்டில் 18 வயது என்றால் மகிழ்ச்சி. ஓட்டுரிமை வருகிறது. காலேஜ் படிப்பு தொடங்குகிறது. வேலை கிடைக்காவிட்டாலும் வீட்டில் ஒரு தட்டுச் சோறு இருக்கிறது. "இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு" என்று அப்பா சொல்லுவார்.

இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பிறந்த நாள் பயத்தைக் கொடுக்கிறது. சட்டப்படி 18 வயது நிறையாதவர்தான் குழந்தை. அது நிறைந்ததும் குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

எங்கே போவது? வாடகைக்கு அறை கேட்டால், "உன் வீட்டு ஆள் யார்? கூட்டி வா" என்கிறார் வீட்டுக்காரர். வேலைக்கு மனு எழுதினால் "நிரந்தர முகவரி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதை எழுதுவது? சாதிச் சான்றிதழ் வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் வேண்டும். பாங்கிக் கணக்கு வேண்டும்.

காலேஜ் விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுதியைப் பூட்டுவார்கள். எல்லாரும் ஊருக்குப் போவார்கள். இந்தப் பிள்ளை மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்?

காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை. முதல் சம்பளம் வாங்கினால் காட்டுவதற்கு ஆள் இல்லை. "அந்த ஆளை நம்பாதே" என்று எச்சரிக்கவும் ஆள் இல்லை. இந்த "ஆள் இல்லை" என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய வறுமை.

இல்லம் ஒன்றே வழி அல்ல

துணை இல்லாத குழந்தை என்றதும் நம் நினைவுக்கு வருவது இல்லம்தான். ஆனால், இல்லத்தில் இருக்கும் எல்லாருமே தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அல்ல. பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். வறுமை, நோய், குடி, பிழைப்புக்காக வெளியூர் போவது ஆகியவை குடும்பத்தைப் பிரித்துவிடுகின்றன.

2015-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்து இருக்கிறது. முதல் வழி, குழந்தையைச் சொந்த வீட்டிலேயே வளர்ப்பது. இதற்கு நிதி ஆதரவு என்று ஒரு திட்டம் உண்டு. பாட்டி வளர்த்தாலும், சித்தப்பா வளர்த்தாலும், வருமானம் குறைவாக இருந்தால் மனுச் செய்யலாம். மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்துக்கு 2022-ல் வெளியான விதிகளில், இந்த உதவி மாதம் 4,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. தமிழக அரசும் 2025 செப்டம்பர் 15-ந் தேதி "அன்புக் கரங்கள்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது.

சொந்த பந்தம் யாரும் இல்லாவிட்டால், இன்னொரு குடும்பம் அந்தப் பிள்ளையை வளர்க்கலாம். இதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர்.

தத்து வேறு, வளர்ப்பு வேறு

தத்து எடுத்தால் அந்தக் குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தை. சொத்திலும் உரிமை உண்டு. வளர்ப்புப் பராமரிப்பு அப்படி அல்ல. குழந்தையை உங்கள் வீட்டில் வைத்து, உண்ணக் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பி, அன்பாக வளர்க்கிறீர்கள். பொறுப்பை ஒப்படைப்பது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. இந்தக் குழுவில் ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் உண்டு. பிள்ளை எப்படி இருக்கிறது என்று அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள்.

கைக்குழந்தையைத் தத்து எடுக்கப் பலர் காத்து இருக்கிறார்கள். ஆனால், 10 வயது, 14 வயதுப் பிள்ளையைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. வளர்ப்புப் பராமரிப்பு முக்கியமாக இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். 6 வயதுக்கு மேற்பட்டவர்களையே இப்படி ஒப்படைக்கிறார்கள்.

2024-ல் இதன் விதிகள் தளர்த்தப்பட்டன. அதுவரை தம்பதிகளுக்கு மட்டும் இருந்த வாய்ப்பு, திருமணம் ஆகாதவர்கள், துணையை இழந்தவர்கள், மணவிலக்குப் பெற்றவர்கள் ஆகியோருக்கும் கிடைத்தது. வயது 35-க்கு மேல் இருக்க வேண்டும். தனியாக வாழும் பெண், ஆண் பிள்ளையையும் வளர்க்கலாம், பெண் பிள்ளையையும் வளர்க்கலாம். தனியாக வாழும் ஆண், ஆண் பிள்ளையை மட்டுமே வளர்க்கலாம். 2 ஆண்டுகள் வளர்த்த பிறகு, பிள்ளையைத் தத்து எடுக்கவும் வழி செய்யப்பட்டது.

கடல் விட்டுவைத்த பிள்ளைகள்

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்யா அரசு இல்லம் திறக்கப்பட்டது. அவர்களில், தாய் தந்தை யார் என்றே தெரியாத சின்னஞ்சிறு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

சுனாமி நிவாரணப் பணிகளை நாகப்பட்டினம் கலெக்டராக இருந்து கவனித்தவர் ஜெ.ராதாகிருஷ்ணன். அவரும் அவர் மனைவியும் அடிக்கடி அந்த இல்லத்துக்குப் போவார்கள். பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. வேறு ஊர், வேறு பதவி. ஆனாலும் அந்தப் பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. வந்து பார்த்தார். படிப்பைப் பற்றி விசாரித்தார்.

அந்தக் குழந்தைகளில் இருவருக்கு 18 வயது ஆயிற்று. இல்லத்தை விட்டு வர வேண்டிய நேரம். அவர்கள் தெருவில் நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு தம்பதி அவர்களைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். இருவரும் படித்தார்கள். ஒருத்திக்கு 2022-லும், இன்னொருத்திக்கு 2025-லும் திருமணம் நடந்தது. இரண்டு திருமணத்துக்கும் ராதாகிருஷ்ணன் வந்தார். பெண் வீட்டுக்காரராக முன்னே நின்றார்!

அரசு இல்லம் அவர்களை வளர்த்தது. 18-க்குப் பிறகு அவர்களைக் கைதூக்கி விட்டது, "எங்களுக்கு ஆள் உண்டு" என்ற தைரியம்.

லவ்டேலில் பழைய கதை

அருவங்காட்டுக்கு அடுத்த நிலையம் கேத்தி. அதற்கு அடுத்தது லவ்டேல். அங்கே உள்ள லாரன்ஸ் பள்ளி இன்று புகழ் பெற்ற பள்ளி. அது எப்படித் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1858-ல், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும், தந்தையை இழந்த பிள்ளைகளுக்கும் ஆதரவு இல்லமாகத்தான் அது ஊட்டியில் தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் லக்னோவில் இறந்த சர் ஹென்றி லாரன்சின் எண்ணம் அது.

தன் சிப்பாயின் பிள்ளை தெருவில் நிற்கக்கூடாது என்று அன்றைய அரசு நினைத்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அன்று திறக்கவில்லை. இன்று சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அதைத் தட்டித் திறக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இல்லத்தில் இருந்து ஐ.ஏ.எஸ்.

நீலகிரிக்கு மேற்கே கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் இருக்கிறது. அங்கே பிறந்தவர் முகமது அலி ஷிகாப். 1991-ல் தந்தை இறந்தார். பிள்ளைகளை வளர்க்கத் தாயால் முடியவில்லை. சிறுவன் முக்கம் என்ற ஊரில் உள்ள அனாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டான். ஏறத்தாழ 10 ஆண்டுகள் அங்கேயே வளர்ந்தான். 2011-ல் அதே ஷிகாப் ஐ.ஏ.எஸ். தேர்வில் தேறினார். நாகாலாந்தில் அதிகாரி ஆனார்.

கவனியுங்கள். 11 வயதில் சேர்ந்தவருக்கு இல்லத்தின் நிழல் 18-ல் அறுந்து போகவில்லை. இருபது வயதைத் தாண்டும் வரை நீடித்தது. எல்லாரும் ஐ.ஏ.எஸ். ஆக வேண்டியது இல்லை. நல்ல பிட்டர் ஆனால் போதும். நல்ல நர்சு ஆனால் போதும். அதற்கும் இரண்டு மூன்று ஆண்டு நிழல் வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு விருந்து

பணக்கார நாடுகளிலும் இந்தத் துன்பம் உண்டு. இங்கிலாந்துக் கவிஞர் லெம் சிசே ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தவர். 12 வயதில் அந்தக் குடும்பம் அவரை விட்டுவிட்டது. அதன் பிறகு இல்லம் இல்லமாக மாறினார். பிற்காலத்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஆனார்.

இல்லத்தை விட்டு வந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் அன்று போக இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். 2013-ல் மான்செஸ்டரில் அவர்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் விருந்து ஏற்பாடு செய்தார். பிறகு அது மற்ற ஊர்களுக்கும் பரவியது.

2014-ல் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. வளர்ப்புக் குடும்பமும் பிள்ளையும் விரும்பினால், 21 வயது வரை அதே வீட்டில் இருக்கலாம். "18 ஆயிற்று, கிளம்பு" என்று சொல்வது தவறு என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

நம் சட்டத்திலும் வழி உண்டு

நம் நாட்டுச் சட்டமும் 18-ல் கையை உதறிவிடச் சொல்லவில்லை. இல்லத்தை விட்டு வருகிறவர்களுக்குப் பிற்காப்பு என்ற உதவி உண்டு. 21 வயது வரை இது கிடைக்கலாம். தேவைப்பட்டால் 23 வயது வரை நீட்டலாம். 2022 விதிகளில் இதற்கும் மாதம் 4,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. தங்கும் இடம், படிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கும் உதவி கேட்கலாம்.

ஆனால், கேட்க வேண்டும். அதுவும் 18 முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். வாசலை விட்டு இறங்கிய பிறகு அலைந்தால் காலம் வீணாகும். 17 வயதிலேயே ஆதார், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, பள்ளிச் சான்று, பாங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அருவங்காடு தொழிலாளர்களின் ஊர். 1904-ல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். பக்கத்தில் தேயிலைத் தோட்டங்கள். ஒருவர் வீட்டுத் துன்பம் அடுத்த வீட்டுக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஊரில், துணை இல்லாத ஒரு பிள்ளையைக் கண்டால் என்ன செய்வது?

இரக்கப்பட்டு யாருக்கும் சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது. போலீசிலும் சொல்லலாம். ஊட்டியில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் சொல்லலாம். வளர்ப்புப் பெற்றோர் ஆக விரும்புகிறவர்கள் விவரம் கேட்க வேண்டியதும் அங்கேதான்.

வளர்க்க வசதி இல்லையா? வேறு வழிகள் இருக்கின்றன. பட்டறை வைத்து இருப்பவர் ஒரு பையனுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் மனு எழுதச் சொல்லித் தரலாம். அறை வாடகைக்கு விடுகிறவர், "வீட்டு ஆளைக் கூட்டி வா" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

தெரிந்த பிள்ளை விடுதியில் இருந்தால், தீபாவளிக்கு முந்திய நாள் போன் செய்து, "தம்பி, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வந்துவிடு. எண்ணெய் காய்ச்சி வைக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

மாதம் 4,000 ரூபாயை அரசாங்கம் கொடுக்கும். அந்த ஒரு வார்த்தையை நாம்தான் சொல்ல வேண்டும்!