முத்திரையளவு முகம்

சென்ற மாதம் கொக்கிளாயைச் சேர்ந்த என் மாணவன் ஒருவன் ஒரு படத்தைக் கொணர்ந்து காட்டினான். அவனுடைய பாட்டனார் களப்பிலே இறால் பிடித்து வாழ்ந்தவர். 1984 டிசம்பரில் ஊரவர் இடம்பெயர்ந்தபோது வெளியேறியவர், மீண்டும் ஊரைக் காணாமலே பிறிதோரிடத்திற் காலமானார். அக்குடும்பத்தாரிடம் எஞ்சியிருப்பது, பழைய அடையாள அட்டையிலுள்ள முத்திரையளவு நிழற்படம் ஒன்றே. திவசத்துக்கு முன் அதனைப் பெருப்பித்துச் சுவரில் மாட்ட விரும்பினர். பையன் கைத்தொலைபேசியாற் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் ஒப்படைத்தான். அரை நிமிடத்திற் பளிங்கு போன்ற முகம் வந்துவிட்டது!

வீட்டார் வியந்தனர். ஆச்சி மாத்திரம் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு ராசா, ஆனா இது உன்ரை அப்பப்பா இல்லை" என்றாராம். இடப்புருவத்தின் மேலிருந்த தழும்பைக் காணவில்லை.

தழும்பு எங்கே போயிற்று? பழைய முறையிற் படத்தைப் பெருப்பிக்குங்கால், புதிதாகத் தோன்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் அயற்புள்ளிகளின் சராசரி நிறமே கொடுக்கப்படும். படம் மங்கும், ஆனாற் பொய் சொல்லாது. 2014இல் ஹொங்கொங் ஆய்வாளர் சிலர் வேறு வழி காட்டினர். தெளிவான படத்தையும் அதன் சுருக்கிய பிரதியையும் இணையிணையாகக் கணினிக்குக் காட்டி, சிறியதிலிருந்து பெரியதை ஊகிக்கப் பழக்கினர். நீளத்தையும் அகலத்தையும் நான்கு மடங்காக்கினால், ஒரு புள்ளி பதினாறாகும். அப்பதினாறில் பதினைந்து பொறியின் ஊகமே அன்றோ!

களப்பின் அலையையோ கண்டல் இலையையோ இவ்வாறு ஊகித்தாற் கேடில்லை. எந்த இலை என்று எவரும் கேளார். முகம் அத்தகையதன்று. முகங்களைச் செப்பனிடும் பொறிகள் பலவற்றைப் பழக்கப் பயன்பட்ட தொகுதியொன்றில், இணையத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் உள்ளன. அவற்றுட் கொக்கிளாய்க் கடற்றொழிலாளர் எத்தனை பேர் இருப்பர் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். தான் கண்ட முகங்களின் சாயலிலேயே பொறி வரையும். அரிதான தழும்பை அழுக்கென்று துடைத்துவிடும்.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய பொறியொன்று 256 புள்ளிகள் கொண்ட முகத்தைப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளாக விரித்தது. ஒருவர் ஒபாமாவின் மங்கிய படத்தை அதற்கு ஊட்டினார். வெளிவந்ததோ வெள்ளையர் ஒருவரின் முகம்! 2024 மார்ச்சில் வாஷிங்டன் மாநில நீதிமன்றமொன்று, கொலை வழக்கிலே இவ்வாறு தெளிவாக்கப்பட்ட ஒளிப்பதிவைச் சான்றாக ஏற்க மறுத்தது. காணாமற்போனோரின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மார் வாழும் நம் மாவட்டத்தில் இது அற்ப விஷயமன்று. ஊகித்த முகத்தை ஒட்டிவைத்து ஒருவரைத் தேடலாமோ?

மாணவனிடம் அட்டையையே கொண்டுவரச் சொன்னேன். தொலைபேசிப் படம் ஏற்கெனவே பாதி விவரத்தை விழுங்கியிருந்தது. அட்டையை வருடியில் வைத்து, அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் வீதம் பிரதியெடுத்து, பழைய முறையிலேயே பெருப்பித்தோம். கன்னம் சற்று மங்கல். சட்டைக் கழுத்து தெளிவில்லை. புருவத்தின் மேல் மட்டும் ஒரு வெண்கீற்று. ஆச்சி அதனை விரலாற் தொட்டுப் பார்த்தாராம். அப்படமே இப்போது சுவரில் இருக்கின்றது. மற்றதைப் பையன் தன் தொலைபேசியில் வைத்திருக்கின்றான், அழிக்க மனமில்லையாம்.